கறுப்பு வடுவும் காய்ச்சலும்: பட்டுப்புழு, மனிதன் – ஓர் ஒப்பாய்வு

ஊசி ஈ தொட்ட புழுவைப் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் தட்டைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். வெளுத்த உடம்பில் ஓரிடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு வடு இருக்கும். ஈ தோலின்மேல் முட்டையை ஒட்டவைத்துவிட்டுப் போய்விடும். இரண்டு மூன்று நாளில் அது பொரிந்து, உள்ளிருந்து வந்த ஈப்புழு தோலைத் துளைத்து இறங்கும். இறங்கிய இடம் கறுக்கும். அந்தப் புழு கூடு கட்டினாலும் பயனில்லை. ஈப்புழு கூட்டையும் துளைத்துக்கொண்டு வெளியே வரும், ஓட்டை விழுந்த கூட்டில் நூல் இழுக்க வராது. 1980-இல் மேற்கு வங்கத்திலிருந்து கர்நாடகத்துக்குள் நுழைந்த இந்த ஈ, எல்லையை ஒட்டிய தமிழ்நாட்டுப் பக்கத்தையும் விடவில்லை.

அந்தக் கறுப்பை ஈயின் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது புழுவின் வேலை. தோல் கிழிந்ததும் புழுவின் இரத்தத்தில் உறங்கிக்கொண்டிருக்கும் ஒரு நொதி விழித்துக்கொள்கிறது. அது காயத்தைச் சுற்றி மெலனின் என்ற கருநிறப் பொருளைப் படியவைக்கிறது. ஓட்டையை அடைக்கிறது, கூடவே கிருமிகளுக்கு நஞ்சாகும் பொருள்களையும் உண்டாக்குகிறது. பட்டுப்புழுவின் இரத்தத்தை ஒரு சொட்டு எடுத்துக் காற்றுப்பட வைத்தால் சிறிது நேரத்தில் கறுத்துப்போவதும் இதனால்தான். பிறவி எதிர்ப்பாற்றல் என்று பாடப்புத்தகம் சொல்வதைக் கண்ணாடி, கருவி எதுவும் இல்லாமல் வெறுங்கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடங்களில் புழு வளர்ப்பு மனையும் ஒன்று.

மனிதனிடம் இதே வேலை வேறு முகத்தோடு நடக்கிறது. சிவத்தல், வீக்கம், சீழ், காய்ச்சல். முள் தைத்த விரல் மறுநாள் வீங்குவதற்கும் புழுவின் தோல் கறுப்பதற்கும் வெளிப்பார்வைக்கு ஒற்றுமை எதுவும் இல்லை. உள்ளே போனால் உறவு தெரிகிறது. இந்த இரண்டு உடம்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிருஷ்ணகிரி மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. சிங்காரப்பேட்டையில் நின்றால் ஒரு பக்கம் ஜவ்வாது மலை, இன்னொரு பக்கம் மாந்தோப்புகள். ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாக மேற்கே போனால் சூளகிரி, கெலமங்கலம், தளி என்று மல்பெரித் தோட்டங்கள். அவற்றுக்கு அருகே ஓசூரின் ஆலைகள். அந்த ஆலைகளுக்கு நடுவே, மத்தியப் பட்டு வாரியத்தின் கீழ் ஒரு நிறுவனம், பட்டுப்புழு இனங்களையும் மல்பெரி வகைகளையும் அழியாமல் காத்துவருகிறது. மத்தியப் பட்டு மரபுவள மையம் என்று அதைச் சொல்லலாம். அதற்கு இந்தக் கட்டுரையில் வேலை இருக்கிறது; பிறகு வருகிறேன்.

நோயைப் பற்றிய மனித அறிவில் பாதி இந்தப் புழுவின் முதுகில் ஏறி வந்தது என்று சொன்னால் மிகைதான், ஆனால் பெரிய மிகை இல்லை. புழு விறைத்துச் சுண்ணாம்புக் கட்டியாகிப்போகும் நோயை ஒரு பூஞ்சை உண்டாக்குகிறது என்று இத்தாலியரான அகஸ்தீனோ பாசி 1835-இல் காட்டினார். ஒரு நுண்ணுயிர் ஒரு விலங்குக்கு நோய் தரும் என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று அது. அந்தப் பூஞ்சைக்கு இன்றும் அவர் பெயர்தான்: பியூவேரியா பாசியானா. முப்பது ஆண்டு கழித்து, பிரான்சின் பட்டுத்தொழில் பெப்ரின் நோயால் சாய்ந்தபோது லூயி பாஸ்டரை அலேஸ் நகருக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் அவர் பட்டுப்புழுவைக் கையால் தொட்டவரில்லை. தாய்ப்பூச்சியை நுண்ணோக்கியில் சோதிக்கும் முறையை 1870-இல் அவர் எழுதி முடித்தார்; அது நம் ஊர் முட்டை வித்தகங்களில் இன்றும் நடக்கிறது.

ஆனால் பாசியும் பாஸ்டரும் கிருமியைத்தான் பார்த்தார்கள். புழு அந்தக் கிருமியை என்ன செய்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர் எலி மெச்னிகாஃப். 1882-இல் சிசிலித் தீவின் மெசினாவில், நட்சத்திர மீனின் கண்ணாடிபோன்ற குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்துவிட்டு மறுநாள் பார்த்தார். முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் மொய்த்திருந்தன. நம் இரத்தத்தின் வெள்ளணுக்களும் இதைத்தான் செய்கின்றன என்று அவர் வாதாடினார், பலர் நம்பவில்லை. எதிர்பொருள்தான் எல்லாம் என்று ஜெர்மானிய அணி சொன்னது. 1908-இல் நோபல் குழு மெச்னிகாஃபுக்கும் அந்த அணியின் பால் எர்லிக்குக்கும் பரிசைப் பிரித்துக் கொடுத்தது. இருந்தாலும் அடுத்த எண்பது ஆண்டுகள் ஆராய்ச்சி எர்லிக் காட்டிய வழியிலேயே நடந்தது. தடுப்பூசியும் எதிர்பொருளும் நினைவாற்றலும் இருக்கும்போது, ஒரு புழுவிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்பதே பொது எண்ணம்.

அந்த எண்ணத்தை உடைத்ததும் பட்டுக் குடும்பம்தான். 1981-இல் சுவீடனில் ஹான்ஸ் பூமன், செக்ரோபியா என்ற பட்டு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவில் பாக்டீரியாவைச் செலுத்தி, அது உடனே சுரக்கும் சிறிய புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். செக்ரோபின் என்று அதற்குப் பெயர் வந்தது. நம் மல்பெரிப் புழுவிலும் செக்ரோபின் உண்டு. அதோடு மோரிசின், லெபோசின், அட்டாசின் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. எல்லாமே பாக்டீரியாவின் சவ்வைக் கிழிப்பவை அல்லது அதன் வேலையைக் கெடுப்பவை. 1996-இல் இரண்டு செய்திகள் ஒரே ஆண்டில் வந்தன. ஸ்ட்ராஸ்பர்க்கில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு, டோல் என்ற மரபணு பழுதுபட்ட பழ ஈ பூஞ்சை தாக்கிச் செத்துப்போவதைக் காட்டியது. சப்போரோவில் மசாக்கி அஷிடாவின் குழு, பட்டுப்புழு இரத்தத்திலிருந்து, பாக்டீரியாவின் சுவர்ப்பொருளான பெப்டிடோகிளைக்கானைப் பிடித்து அடையாளம் காணும் புரதத்தைப் பிரித்தது. 1997-இல் மனிதனிலும் டோல் குடும்பம் உண்டென்று மெட்சிட்டோவும் ஜேன்வேயும் சொன்னார்கள். 1998-இல் எலியில் புரூஸ் பாய்ட்லர் அதன் வேலையைக் கண்டார். அதே ஆண்டு பட்டுப்புழுவின் அந்தப் புரதத்துக்கு மனிதனிலும் உறவுக்காரன் அகப்பட்டான். ஹாஃப்மனுக்கும் பாய்ட்லருக்கும் 2011-இல் நோபல் கிடைத்தது. ஜேன்வே அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

இந்த இடத்தில் பல அறிவியல் கட்டுரைகள் ஒரே தாவலில் முடிவுக்குப் போய்விடுகின்றன: பூச்சிக்கும் மனிதனுக்கும் ஒரே அபாய மணி என்று. பாதி உண்மை. பூச்சியின் டோல் கிருமியைத் தொடுவதே இல்லை. கிருமியைப் பிடிப்பது இரத்தத்தில் மிதக்கும் வேறு புரதங்கள். அவை ஒன்றையொன்று வெட்டித் தூண்டிக்கொண்டே போய், கடைசியில் வெட்டுப்பட்ட ஒரு துண்டு டோலில் போய் ஒட்டுகிறது. மனிதனின் டோல்-4 அப்படிச் சுற்றிப் போவதில்லை. பாக்டீரியாவின் வெளிச்சவ்வுக் கொழுப்பை, ஒரு துணைப் புரதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, தானே தொட்டுப் பார்க்கிறது. பட்டுப்புழுவில் மணியடிக்கத் தூண்டும் பெப்டிடோகிளைக்கான் புரதத்தின் மனித உறவினரோ மணியடிப்பதை விட்டுவிட்டுப் பாக்டீரியாவை நேரே கொல்லப் போய்விட்டார்கள். குடும்பப் பெயர் ஒன்று, தொழில் மாறிப்போயிருக்கிறது. அதற்கடுத்து உயிரணுக்குள் செய்தி போகும் பாதைதான் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது.

உறுப்புகளிலும் இப்படித்தான். புழுவுக்குக் கல்லீரல் கிடையாது. அதன் உடம்பு முழுக்கப் பரந்த கொழுப்புத் திசு இருக்கிறது. செக்ரோபின் வகையறாக்களை அதுதான் சுரக்கிறது. நமக்கு நோய் வந்தால் கல்லீரல் சுரக்கும் சி.ஆர்.பி. என்ற புரதத்தைக் கொரோனாவுக்குப் பிறகு தெரியாத குடும்பமே இல்லை, ‘சி.ஆர்.பி. எவ்வளவு?’ என்று டீக்கடையில் கேட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதே போல், புழுவின் இரத்தம் கறுப்பதற்குப் பின்னால் இருக்கும் நொதிச் சங்கிலியும், நம் இரத்தம் உறைவதற்கும் கிருமியின் சவ்வில் துளை போடுவதற்கும் பின்னால் இருக்கும் நொதிச் சங்கிலிகளும் ஒரே பாணியில் அமைந்தவை: முதலாவது இரண்டாவதை வெட்ட, இரண்டாவது மூன்றாவதை வெட்ட, சிறிய தூண்டல் பெரிய விளைவாகிறது. ஜப்பானில் இந்தச் சங்கிலியையே பரிசோதனைப் பொருளாக விற்கிறார்கள். பட்டுப்புழுவின் பிளாஸ்மாவில் ஒரு திரவத்தைச் சேர்த்து, அது கறுத்தால் திரவத்தில் பாக்டீரியா அல்லது பூஞ்சையின் சுவர்ப்பொருள் இருக்கிறது என்று கண்டுகொள்வார்கள்.

எல்லாச் சங்கிலிக்கும் கடிவாளம் வேண்டும். இரண்டு உடம்பிலும் கடிவாளப் புரதங்கள் ஒரே குடும்பம். பழ ஈயில் அதில் ஒன்று இல்லாமல் போனால், கிருமியே வராதபோதும் உடம்பு தானாகக் கறுக்கிறது. மனிதனில் அக்குடும்பத்தைச் சேர்ந்த வேறொன்று குறைந்தால் உதடும் தொண்டையும் காரணமின்றி வீங்கும் பரம்பரை நோய் வருகிறது. மூச்சுக்குழல் அடைத்து உயிர் போவதும் உண்டு.

இனி வைரஸ். வேனிற்காலத்தில் இங்கே வளர்ப்பவர்களைத் தூங்கவிடாதது பால் நோய். புழு தோலுரிக்காமல் வீங்கும், கணுக்களுக்கிடையே புடைக்கும், தட்டில் நிலைகொள்ளாமல் ஊர்ந்து விளிம்புக்கு ஏறும். தொட்டால் தோல் கிழிந்து பால் நிறத்தில் நீர் வழியும், அந்த நீர் பட்ட இலையைத் தின்ற புழுவுக்கும் அதே கதி. விளிம்புக்கு ஏறுவதும் வைரஸ் செய்யவைக்கும் வேலைதான். மேலிருந்து சிந்தினால் அதிகம் பரவும் அல்லவா. வைரஸ் புகுந்த உயிரணு வழக்கமாகத் தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும், அதோடு வைரஸும் முடிந்துபோகும். இந்த வைரஸ் பி35 என்ற புரதத்தால் அந்தத் தற்கொலையைத் தடுத்துவிடுகிறது. மனிதரைத் தாக்கும் அம்மைக் குடும்ப வைரஸ்களும் வேறு புரதத்தை வைத்து அதே சூழ்ச்சியைச் செய்கின்றன.

வைரஸை எதிர்க்கும் ஆயுதத்தில் இரண்டு உடம்பும் பிரிகின்றன. மனிதனிடம் இன்டர்ஃபெரான்: தாக்கப்பட்ட உயிரணு அதைச் சுரந்து அக்கம்பக்கத்தை எச்சரிக்கும். பூச்சியிடம் இன்டர்ஃபெரான் இல்லை. அது வைரஸின் ஆர்.என்.ஏ. இழையைத் துண்டுதுண்டாக வெட்டி, அந்தத் துண்டை அச்சாகப் பிடித்துக்கொண்டு மற்ற இழைகளைத் தேடி அழிக்கும். கிருமியின் சாயலைக் கையில் வைத்துத் தேடுவதால், நினைவாற்றலுக்குப் பக்கத்தில் வரும் முறை என்றே எனக்குப் படுகிறது. ஹைதராபாத்தின் மரபணு ரேகை மையத்தில் ஜே. நாகராஜுவின் குழு இந்த முறையைப் பயன்படுத்தி, பால் நோய் வைரஸின் பல மரபணுக்களை ஒரே சமயம் குறிவைக்கும் பட்டுப்புழுவை உருவாக்கியது. அந்த ஆய்வு 2013-இல் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. மனிதன் பக்கம், 2020-இல் பாரிஸிலும் நியூயார்க்கிலும் இயங்கும் ஷான்-லோரான் கசனோவாவின் குழு ஒன்றைக் கண்டது: உயிருக்கே ஆபத்தான கொரோனா நோயாளிகள் 987 பேரில் 101 பேரின் உடம்பு, தன் இன்டர்ஃபெரானையே முறிக்கும் எதிர்பொருளைத் தயாரித்து வைத்திருந்தது. பெற்ற எதிர்ப்பாற்றல் பிறவி எதிர்ப்பாற்றலின் காலை வாரிவிட்ட கதை. எதிர்பொருளே இல்லாத புழுவுக்கு இந்தத் துன்பம் மட்டும் கிடையாது.

கோழிக்கும் வாத்துக்கும் இடையே இதைவிட எளிய கதை. பறவைக் காய்ச்சலில் கோழி மடியும். அதே வைரஸைச் சுமந்துகொண்டு வாத்து பெரும்பாலும் நீந்திக்கொண்டிருக்கும். வைரஸின் ஆர்.என்.ஏ.வை உயிரணுக்குள் கண்டுபிடிக்கும் ரிக்-ஐ என்ற புரதம் வாத்துக்கு உண்டு, கோழிக்கு இல்லை என்று கனடாவில் 2010-இல் கண்டார்கள். ஒரே ஒரு மரபணு தொலைந்தது முழுக் காரணமாகாது என்றாலும், பெரிய காரணம்.

மரபணு தொலைந்ததே நன்மையாவதும் உண்டு. பட்டுப்புழுவின் குடலைத் தாக்கும் டென்சோவைரஸ் சில இனங்களை எவ்வளவு கொடுத்தாலும் ஒன்றும் செய்வதில்லை. அந்த இனங்களில், குடல் உயிரணுவின் மேற்பரப்பில் இருக்கவேண்டிய ஒரு புரதத்தின் மரபணுவில் பெரிய துண்டு காணாமல் போயிருப்பதை ஜப்பானியர்கள் 2008-இல் கண்டார்கள். வைரஸ் பிடித்து ஏறும் கொக்கி அங்கே இல்லை. மனிதனில் சி.சி.ஆர்.5 என்ற புரதத்தின் மரபணுவில், அதன் இரண்டு பிரதியிலும், 32 எழுத்துகள் விடுபட்டவர்களை எச்.ஐ.வி.யின் வழக்கமான வகை தொற்றுவது மிக அரிது. அது தெரிந்தது 1996-இல். கணக்கு ஒன்றுதான். ஆனால் புழுவில் அந்தக் குணத்தை ஒரு இனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கலப்பினால் கொண்டுவரலாம். ஓசூர் மரபுவள மையத்தின் பெறுமானம் இங்கேதான். நூல் குறைவாகத் தரும், சந்தையில் விலை போகாத நாட்டு இனங்களையும் ஆண்டுதோறும் முட்டையிட வைத்து உயிரோடு காப்பது வீண் செலவு என்று நினைப்பவர்கள் உண்டு. எந்த இனத்தில் எந்தக் கொக்கி இல்லாமலிருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாத வரைக்கும், காப்பதைத் தவிர வேறு வழியில்லை. இன்று இங்கே அதிகம் வளரும் இருசந்ததி வெண்பட்டு நிறைய நூல் தரும், ஆனால் வெயில் தாங்காது, நோய்க்கும் எளிதில் விழும். பழைய பலசந்ததி இனம் நூல் குறைவாகத் தரும், தாக்குப்பிடிக்கும். இரண்டையும் கலந்து கலப்பினம் வளர்ப்பதில் இந்தப் பேரம்தான் அடங்கியிருக்கிறது.

யூரிக் அமிலம் பற்றி ஒரு சிறு விலகல். மனிதனின் மூட்டில் அது ஊசிப் படிகங்களாகப் படிந்தால், உயிரணுக்குள் இருக்கும் என்.எல்.ஆர்.பி.3 என்ற உணர்வி அதைக் கிருமி வந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும். கால் கட்டைவிரல் நடுராத்திரியில் நெருப்பாக எரிவது அதனால்தான். இதை 2006-இல் சுவிட்சர்லாந்தில் யூர்க் சாப்பின் குழு காட்டியது. பட்டுப்புழு அதே யூரிக் அமிலத்தைத் தோலடியில் துகள்துகளாக அடுக்கிவைத்துக்கொள்கிறது. அந்தப் புழு வெள்ளையாக, ஒளி ஊடுருவாமல் தெரிவதற்கே அதுதான் காரணம். சேர்க்கத் தெரியாத பிறழ்வினங்கள் எண்ணெய் தடவிய காகிதத்தைப் போல உள்ளுறுப்பு தெரிய இருக்கும். ஒரு உடம்புக்கு அபாயச் செய்தி, இன்னொன்றுக்கு மேலாடை. எதை ஆபத்து என்று எடுத்துக்கொள்வது என்பதை ஒவ்வோர் இனமும் தன் வரலாற்றில் தனித்தனியாக முடிவுசெய்திருக்கிறது.

இனி இந்த ஒப்பீட்டின் முள் பகுதி. புழு, எதிர்ப்பு போதாமல் சாகிறது. மனிதன், எதிர்ப்பு அளவுமீறிச் சாகிறான் – இப்படிப் பிரித்துவிட்டால் கட்டுரை அழகாக முடியும். மனிதன் பக்கம் சான்று நிறைய. தொற்றினால் உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் 2017-இல் உலகில் 4 கோடியே 89 லட்சம் பேரைத் தாக்கியது, 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள் என்று மதிப்பிடப்பட்டது. அதில் கிருமி செய்யும் சேதத்தோடு, அதை எதிர்க்கப் போன உடம்பு தனக்கே செய்துகொள்ளும் சேதமும் சேர்ந்தே கொல்கிறது: இரத்தக்குழாய் கசியும், அழுத்தம் விழும், சிறுநீரகம் நிற்கும். 2020-இல் மூச்சுக் கருவியில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை, எதிர்ப்பை அடக்கும் மலிவான டெக்சாமெத்தசோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. எலியோ பாக்டீரியக் கொழுப்பை மில்லிகிராம் கணக்கில் தாங்கும். மனிதனுக்குக் காய்ச்சல் வர, உடல் எடைக் கிலோவுக்குச் சில நானோகிராம் போதும். நாம் அபாயத்துக்குச் சட்டென்று துள்ளும் இனம்.

புழு பக்கம் பார்த்தால் இந்தப் பிரிவினை நிற்கவில்லை. டோக்கியோவில் கசுஹிசா செகிமிசுவின் குழு, மனிதருக்கு நோய் தரும் பாக்டீரியாக்களைப் பட்டுப்புழுவில் செலுத்தி ஆண்டுக்கணக்காக மருந்து தேடியது. 2015-இல் லைசோசின் இ என்ற புதிய எதிர்நுண்ணுயிர்ப் பொருள் இந்த வழியில் வந்தது. அவர்களே 2010-இல் இன்னொன்றைச் சொன்னார்கள். ஈறு நோய் தரும் ஒரு பாக்டீரியாவைக் கொன்று, அதன் சுவர்ப்பொருளை மட்டும் செலுத்தினாலும் புழு செத்துப்போகிறது. கிருமி உயிரோடு இல்லை. கொல்வது புழுவின் சொந்த எதிர்ப்பு. கறுக்கும் சங்கிலி கட்டுமீறி ஓடுகிறது, உயிரணுக்கள் வரிசையாக மடிகின்றன. சொல்லப்போனால் புழுவுக்கும் செப்சிஸ் உண்டு. ஆக, அளவுமீறிச் சாவது எதிர்பொருள் உள்ள உடம்புக்கு மட்டுமான சாபம் என்று சொல்ல முடியாது. பிறவி எதிர்ப்பாற்றல் இருக்கும் இடமெல்லாம் அந்த ஆபத்து இருக்கிறது.

இதனால்தான் ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்று விற்கும் பொடி, கஷாயம், டானிக் எல்லாவற்றின்மீதும் எனக்குச் சந்தேகம். மனிதனுக்கும் விற்கிறார்கள், புழுவுக்கு இலைமேல் தெளிக்கவும் விற்கிறார்கள். எந்தச் சங்கிலியை, எவ்வளவு, எத்தனை நேரம் கூட்டும் என்று சொல்லாத வரைக்கும் அந்த வாசகத்துக்குப் பொருள் இல்லை.

உண்மையான வேறுபாடு நினைவாற்றலில் இருக்கிறது. ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன், தாடையுள்ள முதுகெலும்பிகளின் மூதாதைக்குப் பழைய கட்டடத்தின்மேல் ஒரு மாடி கூடியது: ஒரு கிருமியைப் பார்த்துப் படித்து, பத்து இருபது ஆண்டு கழித்தும் அடையாளம் காணும் உயிரணுக்கள். பூச்சி, நத்தை, நண்டு என்று உலக விலங்கினங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த மாடி இல்லாமலே பிழைத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் கீழ்த்தளத்துக்கும் ஓரளவு நினைவு உண்டு என்று இப்போது தெரிகிறது. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி போட்டவர்களின் வெள்ளணுக்கள் சம்பந்தமே இல்லாத கிருமிகளையும் அதிக வேகத்தோடு எதிர்கொள்வதை நெதர்லாந்தில் மிஹாய் நெட்டேயாவின் குழு 2012-இல் காட்டியது. தமிழ்நாட்டுக்கு பி.சி.ஜி. அந்நியம் இல்லை. கிண்டியில் அதைத் தயாரிக்கும் ஆய்வகம் 1948-இலேயே வந்தது. 1968-இல் செங்கல்பட்டில் ஏறத்தாழ 2,60,000 பேரிடம் தொடங்கிய பெரிய சோதனை, வயது வந்தோரின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவைத் தந்தது. 2020-இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு பி.சி.ஜி. கொடுத்துப் பார்த்தபோது, அவர்களின் எதிர்ப்பணுக்கள் பலவகைகளில் கூடியிருந்தன. அதற்காகக் கொரோனாவைத் தடுத்ததென்று சொல்லிவிட முடியாது. பல நாடுகளில் சுகாதாரப் பணியாளர்களிடம் நடந்த சோதனை 2023-இல் வெளியானபோது அப்படி ஒரு காப்பு அதில் தெரியவில்லை.

பூச்சியிலும் இதற்கு ஈடான ஒன்று பேசப்படுகிறது. பாக்டீரியாவை எதிர்கொண்ட தாய் வண்டின் பிள்ளைகளும் தாய்த் தேனீயின் பிள்ளைகளும் அதற்குச் சற்றுத் தயாராகப் பிறக்கின்றன. தேனீயில், முட்டைக்குள் போகும் மஞ்சள்கருப் புரதம் பாக்டீரியாத் துண்டுகளையும் உடன் ஏற்றிச் செல்கிறது. பட்டுப்புழுவில் இது உண்டென்றே வைத்துக்கொண்டாலும் வளர்ப்பவருக்கு உதவுமா? முட்டை பொரிந்து 25 நாளில் புழு தன் எடையை ஏறத்தாழ 10,000 மடங்கு பெருக்கிக்கொண்டு கூட்டுக்குள் போய்விடுகிறது. கற்றுக்கொள்ள நேரமே இல்லாத வாழ்க்கை. ஏறத்தாழ 5,000 ஆண்டுகள் மனிதன் கையில் வளர்ந்து, பறக்கவும் தெரியாத பூச்சி அது.

ஆகவே புழுவுக்கு இல்லாத நினைவை வளர்ப்பவர் மனையில் வைத்திருக்கிறார். ஒரு தொகுதி முடிந்ததும் தட்டு, வலை, புழு கூடு கட்டும் சந்திரிகை எல்லாவற்றையும் கழுவி, மனையைப் பிளீச்சிங் பவுடரால் அலசி, அடைத்துப் போட்டுக் காயவிடுவது சென்ற முறை வந்த நோயை நினைவில் வைத்திருப்பதன் வடிவம். தோலுரிப்புக்குப் பின் படுக்கையில் தூவும் சுண்ணாம்பும் கிருமிநாசினித் தூளும், வாசலில் கால் நனைக்கும் தட்டும், இளம்புழுவைத் தனி மையத்தில் வளர்த்து வாங்குவதும் அப்படித்தான். ஊசி ஈக்கு வலைக்கதவு போதும். போதாதென்றால் ஈயின் கூட்டுப்புழுவைத் தின்னும் குளவியை விடுகிறார்கள். புழுவின் உடம்புக்குள் நடக்க முடியாததை உடம்புக்கு வெளியே நடத்துகிறோம். மனிதனுக்கும் குடிநீரில் குளோரின், கை கழுவல் என்று இதே வகை உண்டு. அவனுக்கு அதோடு தடுப்பூசியும் கைகொடுக்கிறது.

தாயிடமிருந்து பிள்ளைக்கு என்ன போகிறது என்பதில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. மனிதத் தாயின் எதிர்பொருள் நஞ்சுக்கொடி வழியே கருவுக்குள்ளேயே போய்விடும். பசுவுக்கு அந்த வழி அடைபட்டது. கன்று எதிர்பொருள் ஏதுமின்றிப் பிறந்து, முதல் சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பாலில்தான் அதைப் பெறுகிறது. ஒரு நாள் கழிந்தால் கன்றின் குடல் அதை உள்ளே விடாது. பிறந்த கணத்தில் கன்று ஏறக்குறைய ஒரு புழுதான், பிறவி எதிர்ப்பாற்றலே அதன் முழு முதல். பட்டு அந்துப்பூச்சியின் முட்டையோடு போவதோ பெப்ரின். தாயின் உடம்பில் இருக்கும் நோசிமா என்ற நுண்கிருமியின் வித்து 400, 500 முட்டைகளுக்குள்ளும் புகுந்து, பொரியும் புழுக்களை நோயோடே பிறக்க வைக்கும். டோலும் பெப்டிடோகிளைக்கான் புரதமும் முட்டைக்குள் புகுந்த இந்த வித்தைத் துரத்த உதவுவதில்லை. பாஸ்டர் காட்டிய வழியில், வித்தகங்களில் முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி, நுண்ணோக்கியில் வைத்து, பளபளக்கும் நீள்வட்ட வித்து தெரிகிறதா என்று இன்றும் பார்க்கிறார்கள். சீம்பால் தவறிய கன்றுக்கு வேறு பசுவின் சீம்பாலையாவது நேரத்தோடு ஊட்டிப் பார்க்கலாம். பெப்ரின் கண்ட முட்டைத் தொகுதிக்கு மருந்து கிடையாது. எரித்துவிட்டு, அந்தத் தாயோடு இருந்த மற்றப் பூச்சிகளையும் ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்க்கத்தான் வேண்டும்.